‘அடக்கம்’, ‘இறப்பு’: மார்த்தாண்டம் பகுதிப் பதிவேடுகளின் பெயரும் பொருளும்

முன்னுரை

ஓர் ஊரின் மக்கள் வரலாற்றை எழுத முற்படுவோர்க்கு இறப்புப் பதிவுகள் முதன்மைச் சான்றுகளாகும். 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்த மார்த்தாண்டம் பகுதியில், கிறித்தவர் ஒருவரின் முடிவு இரண்டு ஏடுகளில் இடம்பெறுகிறது. ஒன்று தேவாலயத்தின் அடக்கப் பதிவேடு. மற்றொன்று அரசின் இறப்புப் பதிவேடு. இவ்விரண்டும் ஒரே செய்தியைத் தருவன என்று கொள்வது பிழை என்பதை அவற்றின் பெயர்களைக் கொண்டே இக்கட்டுரை விளக்குகிறது.

அடக்கம்

‘ஒடுங்கு’ என்பதிலிருந்து ‘ஒடுக்கம்’ பிறப்பதுபோல ‘அடங்கு’ என்னும் வினையிலிருந்து ‘அடக்கம்’ பிறக்கிறது. திருக்குறளின் ‘அடக்கமுடைமை’ அதிகாரத்தில் இச்சொல் புலனடக்கத்தைக் குறிக்கிறது. சித்தர்கள் ‘அடக்கமான’ இடம் என்னும் வழக்கில் அது சமாதியைச் சுட்டுகிறது. ‘அடக்கம் செய்தல்’ என்னும்போது உடலை மண்ணுள் வைக்கும் செயலாகிறது. தென் திருவிதாங்கூரில் 1806இல் ரிங்கல்தௌபே பணி தொடங்கிய சீர்திருத்தச் சபையின் வழிவந்தோரிடையே ‘அடக்க ஆராதனை’ இன்றும் வழங்கும் தொடராகும். ஆகவே, அடக்கப் பதிவேடு சுட்டுவது உயிர் பிரிந்ததை அன்று, உடல் புதைக்கப்பட்டதை.

கத்தோலிக்க மரபிலும் இவ்வரிசையே காணப்படுகிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1182ஆம் விதி, அடக்கம் முடிந்த பின்னரே இறந்தோர் ஏட்டில் பதியுமாறு கூறுகிறது.

இறப்பு

‘இறத்தல்’ என்பதன் பழம்பொருள் கடத்தலாகும். சங்க அகப்பாடல்களில் தலைவன் பாலை வழியைக் கடந்து செல்வதை இவ்வினை குறிக்கிறது. ‘இறந்தகாலம்’ என்னும் இலக்கணக் கலைச்சொல்லில் அப்பொருள் இன்றும் நிலைத்துள்ளது. இலத்தீனிலும் ‘செல்லுதல்’ என்னும் வினையடியாகப் பிறந்த ‘ஒபிட்டுஸ்’ சாவைக் குறித்தது. ஆங்கிலத்தின் ‘ஒபிச்சுவரி’ அதன் வழிவந்ததே. இடைக்கால ஐரோப்பிய மடங்களின் ‘நெக்ரோலோகியும்’ என்னும் ஏடோ, இறந்தோருக்காக ஆண்டுதோறும் வேண்டுவதற்கென நாள்வரிசையில் அமைந்தது; அதில் ஆண்டு பெரும்பாலும் குறிக்கப்படவில்லை. எந்த நோக்கத்திற்காக ஏடு எழுதப்பட்டதோ, அந்நோக்கிற்கு வேண்டிய செய்தியே அதில் எஞ்சுகிறது.

இரு ஏடுகளின் வேறுபாடு

1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், இறப்பு எங்கு நிகழ்ந்ததோ அவ்விடத்துப் பதிவாளரிடமே அதனைப் பதியச் செய்கிறது. மார்த்தாண்டத்தைச் சேர்ந்த ஒருவர் திருவனந்தபுரத்து மருத்துவமனையில் இறந்து, மறுநாள் சொந்த ஊரில் அடக்கம் செய்யப்படுவதாகக் கொள்வோம். அரசுப் பதிவு கேரளத்தில், ‘மரணம்’ என்னும் சொல்லின்கீழ் அமையும்; தேவாலயப் பதிவு ஒருநாள் பிந்தி மார்த்தாண்டத்தில் அமையும். தமிழக ஏட்டை மட்டும் நோக்கும் ஆய்வாளர் அவரைக் காணார். அடக்கப் பதிவேட்டை மட்டும் நோக்குவோர் அடக்க நாளை இறந்த நாளாகவும், அடக்க இடத்தை இறந்த இடமாகவும் மயங்கக்கூடும். கொள்ளைநோய்க் காலத்து இறப்புகளை இடவாரியாகக் கணக்கிடும்போது இம்மயக்கம் முடிவையே மாற்றிவிடும்.

நிறைவுரை

‘அடக்கம்’ உடல் சேர்ந்த இடத்தையும், ‘இறப்பு’ உயிர் கடந்த இடத்தையும் பேசுகின்றன. மாநில எல்லையை ஒட்டிய இப்பகுதியில் இவ்விரண்டும் வேறு வேறு ஊர்களாக அமைய வாய்ப்பு மிகுதி. ஆகவே, ஏட்டின் பெயரைத் தலைப்பாக மட்டும் கருதாமல், அது எந்நிகழ்வைப் பதிகிறது என்பதற்கான முதற்சான்றாகக் கொண்டு, இரு ஏடுகளையும் ஒப்புநோக்கியே முடிவுக்கு வருதல் வேண்டும்.