கிறான்லியின் ஆறு கட்டில்கள்

இங்கிலாந்து என்றதும் புகை கக்கும் ஆலைகளும் சன நெருக்கடி மிக்க நகரங்களுமே பலர் நினைவுக்கு வருகின்றன. ஆயின், நகரமென்னும் பெயரை விரும்பாது, கிராமமென்றே தன்னை அழைத்துப் பெருமைகொள்ளும் பேரூர் ஒன்று அந்நாட்டின் தென்பகுதியில் உளது. சரே மாகாணத்தில், கில்ட்போர்ட் நகருக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 8 மைல் தொலைவிலுள்ள கிறான்லியே அது. 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அங்கு 11,000க்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். இங்கிலாந்தின் மிகப் பெரிய கிராமம் தமதே என்பது அவ்வூராரின் வாதம். வேறு சில ஊர்களும் அப்பட்டத்துக்குப் போட்டியிடுவதுண்டு.

மத்திய காலத்துத் தேவாலயமும் நெடிய கடைவீதியும் இவ்வூரின் பழைய அடையாளங்கள். 1816இல் ஒரு கால்வாய் ஊரருகே திறக்கப்பட்டது. 1865இல் புகையிரதம் வந்தது. விவசாயிகளினதும் வர்த்தகரினதும் புதல்வர்களுக்கென ஒரு பாடசாலையும் அதே ஆண்டிலேயே தோன்றிற்று. குரோளி என்னும் ஊருக்குரிய கடிதங்கள் தவறிச் செல்வதைத் தவிர்க்கவே கிறான்லி என்னும் பெயரின் எழுத்துக்களும் தபாற் பகுதியினரின் வேண்டுகோளால் மாற்றப்பட்டன.

ஆயினும், இவ்வூருக்குச் சரித்திரத்தில் இடந்தேடித் தந்தது ஒரு சிறு குடிசையே. வண்டியில் அகப்பட்டோ மரத்தினின்று வீழ்ந்தோ காயமுற்ற கூலியாளுக்கு அக்காலத்தில் அண்மையில் வைத்தியசாலை இல்லை. கில்ட்போர்ட்டில் வைத்தியசாலை திறக்கப்பட்டது 1866இலேயே. இலண்டனுக்கு நெடுவழி கொண்டுசெல்வது உயிருக்கே ஆபத்தாய் முடியலாம். இந்நிலை கண்டு உள்ளம் நொந்த சத்திரவைத்தியர் அல்பேட் நப்பர், 1859இல் ஊர்க் குருவானவர் உதவிய பழைய குடிசையொன்றில் ஆறு கட்டில்களை இட்டு ஒரு வைத்தியசாலையை ஆரம்பித்தார். நோயாளர் தத்தம் சக்திக்கேற்ப வாரந்தோறும் சிறுதொகை செலுத்தினர். எஞ்சிய செலவை ஊராரின் நன்கொடை ஈடுசெய்தது. தருமமாகப் பெறுகிறோமென்னும் கூச்சம் ஏழைக்கு இருத்தலாகாது என்பதே இவ்வேற்பாட்டின் உட்கருத்து. இதனை மாதிரியாகக் கொண்டு இங்கிலாந்தின் பல ஊர்களிலும் குடிசை வைத்தியசாலைகள் எழுந்தன.

காலம் எதையும் நிலைக்க விடுவதில்லை. கால்வாய் 1871இல் மூடப்பட்டது. நூறாண்டு நிறைவெய்து முன்னரே, 1965இல் புகையிரதமும் நின்றது. தண்டவாளம் கிடந்த தடத்தில் இன்று மக்கள் நடந்தும் சைக்கிளிலும் செல்கின்றனர். 1948இல் தேசிய சுகாதார சேவை தோன்றியபின், ஊரார் பேணிய வைத்தியசாலைகள் அரசின் பொறுப்பாயின. 2006இல், செலவைக் குறைக்கும் நோக்கில் கிறான்லியின் கட்டில்கள் அகற்றப்பட்டன. வெளிநோயாளர் சேவையே எஞ்சியது. கட்டில்களை மீட்கவேண்டுமென ஊரார் மீண்டும் பணந்திரட்ட முனைந்தனர்.

வசதிகள் வரும், போகும். ஆனால் அயலான் நோயைத் தன் பொறுப்பெனக் கருதிய மனப்பான்மையே அக்குடிசையை ஆக்கிற்று. ஒரு கிராமம் எத்துணை பெரியது என்பதை அளத்தற்குச் சனத்தொகையினும் சிறந்த அளவுகோல் அதுவே.