வன்னியின் வீடுகளும் பேணும் உழைப்பும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் வன்னிமைகளைப் பற்றியும் குளங்களைப் பற்றியும் நிறையவே எழுதியுள்ளனர். குடியானவனின் வீடு அவர்தம் கவனத்தை அதிகம் ஈர்க்கவில்லை. மண்ணும் ஓலையுமான வீட்டுக்கு வரலாறு ஏது என்ற எண்ணம் இதற்குக் காரணமாகலாம். ஆயின் ஒரு வீட்டின் ஆயுளை நிர்ணயிப்பது அதன் கட்டடப்பொருள் மட்டுமன்று. அதனைப் பேணும் உழைப்பு யாருடையது, அது எப்பொழுது தடைப்பட்டது என்பனவும் ஆராயத்தக்கவை.

குளத்தைக் கொண்டு இதனை முதலில் விளங்கிக்கொள்ளலாம். 1832 இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டமை குடிமக்களுக்கு விடுதலையே. எனினும் குளக்கட்டுகளை ஆண்டுதோறும் திருத்திவந்த கூட்டுழைப்பை ஒழுங்குசெய்ய வேறோர் ஏற்பாடு உடனே தோன்றவில்லை. 1856 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் பழைய வழமைகளை மீட்க முயன்றது. ஆயினும் 1895 இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டங்கள் பற்றிய நூலிற் பாழடைந்த குளங்களும் கைவிடப்பட்ட கிராமங்களும் இடம்பெறவே செய்கின்றன.

வீட்டின் நிலையும் இத்தகையதே. மண்சுவருக்கு மழையே பகை. வடகீழ்ப் பருவக்காற்றோடு ஐப்பசி முதற் பெய்யும் மாரிக்கு முன்னர், கிடுகாலோ பனையோலையாலோ இலுக்குப் புல்லாலோ கூரையை வேய்ந்துகொள்ளவேண்டும். தாழ இறக்கிய தாழ்வாரமும் உயர்த்திய திண்ணையும் சுவரின் அடியைக் காத்தன. அடுப்புப் புகை கூரைமரத்தைப் பூச்சியினின்றும் காத்தது. வேய்தல், அயலவர் தம்முட் பரிமாறிக்கொண்ட உழைப்பு. சாணமும் மண்ணுங் கொண்டு நிலத்தையும் சுவரையும் மெழுகியது பெண்களின் உழைப்பு. பின்னையது எக்கணக்கிலும் ஏறவில்லை. சுவர், கூரை, தரை ஆகியவற்றின் பொருளைக் கொண்டே வீடுகளை நிரந்தரம், அரைநிரந்தரம், தற்காலிகம் என வகுக்கும் குடிசன மதிப்பில் அதற்கு இடமுமில்லை.

இவ்வகுப்பு முறையை வரலாறே கேள்விக்குள்ளாக்கியது. 1990 களின் பொருளாதாரத் தடையினால் வன்னிக்குச் சீமெந்து வருவது அரிதாயிற்று. ‘நிரந்தர’ வீட்டின் வெடிப்பு வெடிப்பாகவே இருக்க, ‘தற்காலிக’ வீடு குளத்து மண்ணையும் காட்டுத்தடியையும் கொண்டு திருத்தப்பட்டது!

இடப்பெயர்வு தாக்கியது இவ்வுழைப்பின் தொடர்ச்சியையே. 2008 இன் பிற்பகுதியில் கிளிநொச்சியை விட்டுக் கிழக்கே சென்றோருட் பலர் கூரைத் தகரங்களையும் ஓடுகளையும் கழற்றி உழவு இயந்திரங்களில் ஏற்றிச் சென்றனர். கூரையிழந்த மண்சுவர் பல மாரிகளைத் தாங்காது. மெனிக்பாம் முகாமின் இறுதிக் குடும்பங்கள் வெளியேறிய 2012 செப்டெம்பருக்குள் நான்கு மாரிகள் கழிந்துவிட்டன. எறிகணை படாத வீடுகளும் பேணுவாரின்றி அழிந்தமை போரழிவுக் கணக்குகளிற் போதிய அழுத்தம் பெறவில்லை என்பதே எமது கருத்து.

போருக்குப் பின்னர் இந்திய உதவித் திட்டத்தில் வீடொன்றுக்கு 5,50,000 ரூபா வழங்கப்பட்டது. பயனாளிகளே கட்டினர், கட்டி முடிக்கக் கடன்பட்டோர் பலர். 2016 இல் முன்வைக்கப்பட்ட 65,000 உருக்கு வீடுகள் பற்றிய விவாதத்தில், வெப்பம், விலை என்பவற்றோடு அவற்றின் நீடித்த பயன்பாடும் கேள்விக்குள்ளானது. அத்திட்டம் அவ்வளவில் நிறைவேறவில்லை. கட்டங்கட்டமாகக் கிடைத்த கொடையோ கட்டுதலோடு முடிந்தது. கல்வீட்டின் வெடிப்பைப் பூசச் சீமெந்து வாங்கவேண்டும். மேசனுக்கு நாட்கூலி கொடுக்கவேண்டும். முன்னர் அயலவர் கையாலும் தன் கையாலும் வீட்டைப் பேணிய பெண், இன்று குடும்பத் தலைவியாகத் தனித்து நின்று அதற்குப் பணந் தேடுகிறாள்.