தூக்கிக்கொண்டு ஓடுவதா, நின்று பார்ப்பதா?

சென்னையின் ஜி.எஸ்.டி. சாலையில், பீர்க்கன்கரணை அருகே பைக் சறுக்கி ஒருவர் விழுந்தால், "ஆட்டோவுல ஏத்துங்க" என்பார் ஒருவர்; "108 வரட்டும், தொடாதீங்க" என்பார் இன்னொருவர். மருத்துவ உலகிலும் இதே வாதம் நெடுநாளாக நடக்கிறது.

பிரான்சில் ஆம்புலன்ஸிலேயே மருத்துவர் வருவார். நின்று, நிலைப்படுத்தி, பிறகே நகர்வார்கள். 1997 ஆகஸ்ட் 31 அன்று பாரிஸில் பிரிட்டன் இளவரசி டயானாவின் கார் மோதியது நள்ளிரவு 12.23 மணிக்கு, மருத்துவமனையை அடையும்போது இரண்டு மணி தாண்டிவிட்டது. அவருக்குக் கிழிந்திருந்தது நுரையீரல் சிரை. அதைச் சாலையில் வைத்து யாராலும் தைக்க முடியாது.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நேரெதிர். துப்பாக்கிக் குண்டு பட்டவரைப் போலீஸ்காரர்களே தங்கள் வண்டியில் போட்டுக்கொண்டு பறக்கிறார்கள். வழியில் சிகிச்சையைக் குறைப்பதற்கு ஆதாரமும் உண்டு. ஹூஸ்டனில் உடற்பகுதியில் குத்து, குண்டுக் காயம் பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வு 1994இல் வெளியானது: வழியிலேயே டிரிப்ஸ் ஏற்றியவர்களில் 62 சதவீதம் பிழைத்தனர், அறுவை அரங்கு வரை ஏற்றாதவர்களில் 70 சதவீதம்.

ஆனால் நம் சாலையில் பெரும்பாலும் அடிபடுவது தலையும் காலும். நினைவிழந்தவரை ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்தால் நாக்கு சரிந்து மூச்சு அடைக்கும். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் தண்டுவடமும் போகலாம். ஹெல்மெட்டைக் கழற்றவே இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் தாங்க, மற்றவர் வாரை விடுவித்து, இரு பக்கமும் விரித்து மெதுவாக உருவ வேண்டும். பதற்றத்தில் இழுத்துவிடுகிறோமே, அதை நினைத்தால் நடுங்குகிறது.

இருந்தாலும் நான் ஓடுவதன் பக்கம்தான். ஆனால் வெறுங்கையோடு அல்ல. இரத்தம் பீறிடும் இடத்தை அழுத்திக் கட்டுவது, மூச்சுவழி திறப்பது, கழுத்துக்குக் காலர், முறிந்த காலுக்கு ஸ்பிளின்ட். இவை சில நிமிட வேலை. டிரிப்ஸ் போன்றவை, தேவைப்பட்டால் மட்டும், ஓடும் வண்டியில் நடக்கட்டும். 2008 செப்டம்பரில் தமிழகத்தில் தொடங்கிய 108இல் வருபவர் மருத்துவர் அல்ல, பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளர் (இ.எம்.டி.). இவற்றைச் செய்ய அவரே போதும்.

எங்கே ஓடுவது? பீர்க்கன்கரணையிலிருந்து குரோம்பேட்டை அரசு மருத்துவமனை அருகில். செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி தூரம். தலைக்காயத்துக்கு எது அருகில் என்பதைவிட, அந்த நேரத்தில் ஸ்கேனும் மூளை அறுவை நிபுணரும் எங்கே இருக்கிறார்கள் என்பதே முக்கியம். 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும். பணத்தை எண்ணி வண்டியைத் திருப்ப வேண்டியதில்லை. கிளம்பும்போதே, போகும் மருத்துவமனைக்குப் போன் போட்டு, எப்போது அடிபட்டது, நினைவு இருக்கிறதா, நாடித்துடிப்பு எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று சொல்லிவிட வேண்டும்.