ஒலி போன பின்னும் நின்ற எழுத்துகள்

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் தமிழ்ப் பிள்ளைகளை மிகவும் இம்சிப்பவை, ‘ஜி’ என்னும் எழுத்தும் ‘எச்’ என்னும் எழுத்தும் அடுத்தடுத்து வரும் சொற்களே என்று சொன்னால், அந்தப் பாடத்தைக் கடந்து வந்தவர் எவரும் மறுக்கமாட்டார். இரவைக் குறிக்கும் ‘நைட்’டில் அவ்விரண்டும் ஊமையாக நிற்கின்றன, இருமலைக் குறிக்கும் ‘காஃப்’பில் ‘ஃப்’ என்று ஒலிக்கின்றன, பேயைக் குறிக்கும் ‘கோஸ்ட்’டிலோ வெறும் ககரமாகிவிடுகின்றன. இது கண்டு நாம் பரிகாசம் செய்வது நியாயமே. ஆயினும் இந்தக் குழப்பம் மூடத்தனத்தால் விளைந்ததன்று. செத்துப்போன ஒரு சப்தத்தின் சரித்திரம் அதில் அடங்கியிருக்கிறது.

நார்மானியர் 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முன்பு அந்நாட்டார் பேசிய பழைய ஆங்கிலத்தில், வாயின் பின்புறத்தில் காற்று உராய்ந்து பிறக்கும் ஓர் ஒலி வழங்கிவந்தது. ஸ்காட்லாந்தார் ஏரியை ‘லோஹ்’ என்று சொல்லும்போது இன்றும் காதில் விழுவது ஏறக்குறைய அதுவே. இரவு அக்காலத்தில் ‘நிஹ்ட்’, மகள் ‘தோஹ்தோர்’. எழுதுவோர் அதற்கு ‘எச்’ ஒன்றையே போதுமானதாகக் கொண்டிருந்தனர். நார்மானியருக்குப் பின்னர் பிரெஞ்சுப் பழக்கத்தில் ஊறி வந்த லேககர்களுக்கு அது போதவில்லை. தங்கள் மொழியில் பெரும்பாலும் ஒலியிழந்து கிடந்த ‘எச்’சைக் கொண்டு இத்தனை அழுத்தமான சப்தத்தைக் காட்டுவது எப்படி என்று தயங்கியவர்கள்போல, அதன் முன்னே ஒரு ‘ஜி’யை வைத்தார்கள். மூன்று என்னும் எண்ணைப் போன்ற வடிவமுடைய ‘யோக்’ என்ற அக்ஷரமும் இதே காரியத்துக்குக் கொஞ்ச காலம் உதவியது. ஐரோப்பாக் கண்டத்திலிருந்து வந்த அச்செழுத்துகளில் அதற்கு இடமில்லாததால் அது மறைந்தது. ஸ்காட்லாந்தில் அச்சுக்காரர்கள் அதற்குப் பதிலாக ‘இஸட்’டைப் போட்டுவிட்டதன் விளைவாக, அங்கே ‘மிங்கிஸ்’ என்று அழைக்கப்படும் குடும்பப் பெயர் இன்றளவும் ‘மென்ஸீஸ்’ என்று படிக்கும்படியாகவே எழுதப்படுகிறது.

அச்சுக்கலையை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் காக்ஸ்டன். பெல்ஜியத்தைச் சேர்ந்த புரூஜ் முதலிய ஊர்களில் வர்த்தகராக நெடுங்காலம் வாழ்ந்து, 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவிய அவர், பிளெமிஷ் மொழியின் எழுத்து வழக்கத்தையும் உடன் கொண்டுவந்தார். அதன் பிரகாரம் பேய்க்கும் வாத்துக்கும் ஆட்டுக்கும்கூட ‘ஜி’யை அடுத்து ஓர் ‘எச்’ சேர்ந்தது. வாத்தும் ஆடும் பின்னால் அதை உதறிவிட்டன, பேய்தான் விடவில்லை. பேய் பிடித்தால் விடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

விசித்திரம் என்னவென்றால், அச்சு எழுத்தைக் கட்டிநிறுத்திய அதே காலத்தில்தான் அந்தப் பழைய சப்தம் ஜனங்களின் நாவிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. சில வட்டாரங்களில் அது சுவடின்றி மறைந்தது; சிலவற்றில் உதட்டருகே வந்து ‘ஃப்’ ஆயிற்று. லண்டன் நகரம் எல்லாத் திசைகளிலிருந்தும் குடியேறியவர்களைக் கொண்டதாகையால், ஒரு சொல்லை ஒரு வட்டாரத்திலிருந்தும் மற்றொன்றை வேறொரு வட்டாரத்திலிருந்தும் எடுத்துக்கொண்டது. பிசைந்த மாவைக் குறிக்கும் ‘டோ’வும், மாவை வேகவைத்துச் செய்யும் ‘டஃப்’ என்ற பண்டமும் ஆதியில் ஒரே சொல் என்பது இதற்குத் தக்க உதாரணம். இத்துடன், ‘தோ’, ‘த்ரூ’, ‘ரஃப்’, ‘பௌ’ என்று பழைய ஆங்கிலத்தில் வெவ்வேறு உயிரொலிகளோடு இருந்தவை, எழுத்தளவில் ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்தன. உருவம் ஒன்றாயிற்றே தவிர உச்சாரணம் ஒன்றாகவில்லை.  

இதற்குமேல் நடந்ததுதான் வேடிக்கை. ஒலியில்லாத இந்த எழுத்துகள் பழமையின் அடையாளமாகக் கௌரவம் பெற்றுவிட்டபடியால், அவற்றுக்கு எவ்வித பாத்தியதையும் இல்லாத சொற்களிலும் அவை புகுந்தன. ‘டிலைட்’ பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அதில் அந்தத் தொண்டை ஒலி ஒருநாளும் இருந்ததில்லை. ஒளியைக் குறிக்கும் ‘லைட்’டோடு ஒலியொத்து நின்றதால் 16ஆம் நூற்றாண்டில் அதன் வேஷத்தைத் தானும் தரித்துக்கொண்டது. விக்கலைக் குறிக்கும் ‘ஹிக்கப்’ இருமலின் உறவென்று தவறாகக் கருதப்பட்டு அதன் எழுத்தை வாங்கிக்கொண்டது. உச்சரிப்பு மட்டும் பழையபடியே இருக்கிறது.

சாமுவேல் ஜான்சனின் அகராதி 1755இல் வெளிவந்தபோது இவையெல்லாம் பெரும்பாலும் ஸ்திரப்பட்டுவிட்டன. பின்னர்ச் சீர்திருத்தக்காரர்கள் செய்த பிரயத்தனங்கள் அநேகமாகப் பலிக்கவில்லை. 1906இல் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், ‘தோ’, ‘த்ரூ’ முதலிய 300 சொற்களை எளிய எழுத்தில் அச்சிடும்படி அரசாங்க அச்சகத்துக்குக் கட்டளையிட்டார். பிரதிநிதிகள் சபை அதை எதிர்த்ததால், அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே பின்வாங்கினார். ‘சிகாகோ ட்ரிப்யூன்’ பத்திரிகை 1934இல் தானாகவே அந்த வழியில் இறங்கி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் விடாப்பிடியாக நடந்துபார்த்து, 1975இல் கைவிட்டது. கண்ணுக்குப் பழகிய உருவத்தைக் கட்டளையிட்டு மாற்ற இயலாது என்பதே என் அபிப்பிராயம். ஆயினும் அமெரிக்கர் கலப்பையின் பெயரிலிருந்து இவ்விரண்டெழுத்தையும் நீக்கி எழுதுகிறார்கள், ஆங்கிலேயர் அதிலும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.