முந்திரிக்குச் சான்று: தமிழ்க் குறியேற்ற முன்மொழிவுகளின் முப்பதாண்டு வரலாறு

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிற் சுவர்களில் சோழர் தொடங்கி விசயநகரர் வரை பல அரசுகளின் எழுத்து நிற்கிறது. அதில் பெரும்பகுதி கணக்கு: எவ்வளவு நிலம், எத்தனை நெல், எந்த விளக்குக்கு, யார் பொறுப்பு. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இக்கோயிலையும் ஊரையும் பற்றி வெளியிட்ட நூல் வரிசையில், பி. ஆர். சீனிவாசன் தொகுத்த கல்வெட்டுகள் 1990இல் அச்சேறின.

அதற்கடுத்த ஆண்டுதான், உலக எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் குறியெண் தரும் யூனிகோடின் முதற்பதிப்பு வந்தது. தமிழுக்கும் அதில் இடம் இருந்தது. ஆனால் வேலிக்கும் குழிக்கும் காணிக்கும் பழந்தமிழ்க் கணக்கர் எழுதிய குறிகளுக்கு இடமில்லை. அவை உள்ளே வர 2019 ஆயிற்று. அந்த இடைவெளியின் வரலாறு, தொழில்நுட்ப வல்லுநர்களுக்கு அறிக்கை எழுதும் கலை தமிழ்ச் சூழலில் எப்படி முதிர்ந்தது என்பதன் வரலாறும்கூட.

தமிழ்நாட்டில் வெள்ளை அறிக்கை என்றால் 2021 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட நிதிநிலை ஆவணம் போன்றவைதான் நினைவுக்கு வரும். தொழில்துறையினர் எழுதும் வெள்ளை அறிக்கையின் வேலை வேறு. ஒரு சிக்கலை விளக்கி, தீர்வைச் சான்றோடு வைத்து, துறை அறிந்தவர்களை இணங்கச் செய்ய வேண்டும். யூனிகோடுக்கு அனுப்பப்படும் முன்மொழிவுகள் அந்த வகைக்கு மிக நெருங்கியவை. படிப்பவர்கள் மட்டும் இன்னும் கறாரானவர்கள்.

தொடக்கத்தில் தமிழ்த் தரப்பிலிருந்து அப்படி எதுவும் பெரிதாகப் போகவில்லை. இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே அச்சில் வார்த்த இஸ்கி தரத்தின் 1988ஆம் ஆண்டு வடிவத்தை யூனிகோடு பின்பற்றியது. தமிழுக்கான 128 இடங்களில் வர்க்க எழுத்துகளுக்குரியவை வெறுமையாய்க் கிடந்தன; உயிர்மெய்யோ அகரமேறிய மெய்யும் குறியுமாக உடைந்து நின்றது. 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் கூடிய தமிழிணைய மாநாடுகள்தான் பொறியாளர்களையும் தமிழறிஞர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தன. டாம், டாப் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் சென்னை மாநாட்டை ஒட்டி உருவானவை. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி, மலேசியாவின் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தின் கு. கல்யாணசுந்தரம் ஆகியோர் அந்தத் தலைமுறையின் முன்னோடிகள்.

அடுத்து வந்த பெரிய வாதம் டேஸ்16 என்ற குறியேற்றம் பற்றியது. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக் குறியெண் என்பது அதன் அடிப்படை. யூனிகோடு முறையில் ‘கொ’ இரண்டு குறியெண்களாகிறது. யூடிஎஃப்-8 கோப்பில் அதுவே ஆறு பைட்டுகள். தனி எண் கொடுத்தால் கோப்பு சிறுக்கும், தேடலும் அகரவரிசையும் எளிதாகும் என்றார்கள் டேஸ்16 ஆதரவாளர்கள். கணக்கில் பிழையில்லை. தமிழ்நாடு அரசும் 2010 ஜூன் 23 அன்று யூனிகோடைத் தரமாகவும் டேஸ்16ஐ மாற்றாகவும் அறிவித்தது. யூனிகோடு அமைப்பு அசையவில்லை. ஒருமுறை ஏற்றிய எழுத்தை இடம் மாற்றுவதோ நீக்குவதோ இல்லை என்பது அதன் நிலைப்புக் கொள்கை. எந்த முறை சிறந்தது என்று தமிழ்த் தரப்பு வாதிட்டது. ஏற்கெனவே குவிந்துவிட்ட கோப்புகளை என்ன செய்வது என்பது அந்த அமைப்பின் கவலை. கேட்காத கேள்விக்கு எவ்வளவு நல்ல விடை எழுதினாலும் ஓட்டு விழாது.

அதே 2010இல் நேர்மாறான விபத்தும் நடந்தது. கிரந்த எழுத்துகளை ஏற்றும் முன்மொழிவொன்றில் எ, ஒ, ழ, ற, ன ஆகிய ஐந்து தமிழ் எழுத்துகளும் கிரந்தத் தொகுதிக்குள் சேர்க்கப்பட்டிருந்தன. தமிழுக்குள்ளேயே வடமொழி ஒலிகளுக்கான குறிகளைச் சேர்க்கும் ‘விரிவாக்கத் தமிழ்’ முன்மொழிவும் உடன் நின்றது. பொறியியல் நோக்கில் இவற்றுக்குக் காரணம் காட்டலாம். ஆனால் மணிப்பிரவாளமும் தனித்தமிழும் மோதிய நூற்றாண்டின் நினைவு இன்னும் ஆறாத ஊரில் இது எப்படி வாசிக்கப்படும் என்று யோசித்தார்களா? எதிர்ப்பு கிளம்பியது. முதலமைச்சர் மு. கருணாநிதி நவம்பரில் மத்திய அரசுக்குக் கடிதம் எழுத, முடிவு தள்ளிப்போனது. 2014இல் யூனிகோடு 7.0இல் கிரந்தம் தனித் தொகுதியாக வந்தபோது அந்த ஐந்து எழுத்துகள் அதில் இல்லை.

விரிவாக்கத் தமிழை முன்மொழிந்த ஸ்ரீரமண சர்மாதான் 2012இல் தமிழ்ப் பின்னங்களுக்கும் குறிகளுக்குமான முன்மொழிவை அனுப்பினார். கூர்ந்து படிக்க வேண்டிய ஆவணம் இது.

இத்தகைய முன்மொழிவோடு ஒரு படிவத்தையும் நிரப்பித் தர வேண்டும். அதன் கேள்விகள் வறட்டுத்தனமானவை. பயன்படுத்துவோரைக் கலந்து பேசினீர்களா? அந்தச் சமூகம் யார்? வழக்கு அரிதா, பரவலா? ஏற்கெனவே ஏற்றிய எழுத்தின் வேறு வடிவம்தானா இது? தோற்றத்தில் வேறொன்றோடு குழம்புமா? புகழ்ச்சிக்கும் பெருமிதத்துக்கும் அங்கே கட்டம் கிடையாது. தமிழின் தொன்மை பற்றிய ஒரு பக்கத்தைவிட, மங்கலான ஓலைப் படம் ஒன்று அங்கே அதிகம் எடை போடும்.

பின்னங்களில் இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் கூர்மையாகின்றன. 1/320 ஆன முந்திரி முதல் முக்கால் வரை ஒரு வரிசை. முந்திரியையும் மேலும் 320ஆகப் பகுக்கக் ‘கீழ்’ என்ற குறி உண்டு, கீழ்முந்திரி 1/1,02,400. மாவும் காணியும் சேர்ந்தால் 1/16, அதாவது மாகாணி. அதே அளவுக்கு வீசம் என்ற பெயரும் வழங்கியது. 1/16க்கும் அரைக்கும் இரண்டிரண்டு வடிவங்கள் வழக்கிலிருந்தன. ஒன்றை எழுத்துரு வேறுபாடு என்று ஒதுக்குவதா, இரண்டுக்கும் தனி எண் கொடுப்பதா? இறுதி அட்டவணையில் இரண்டும் தனித்தனியே நிற்கின்றன.

ஏழாண்டுகள் கழித்து, 2019 மார்ச்சில் வெளியான யூனிகோடு 12.0இல் ‘தமிழ்ப் பின்னிணைப்பு’ என்ற தொகுதி சேர்ந்தது. மொத்தம் 51 குறிகள். பின்னங்களோடு செவிடு, ஆழாக்கு, உழக்கு, குருணி, பதக்கு ஆகிய முகத்தலளவைகளும் காசு, பணம், பொன், வராகன் ஆகிய நாணயங்களும் அதில் உண்டு. குழி, வேலி, நன்செய், புன்செய், உப்பளம் என நிலக் குறிகளும் வந்தன. டேஸ்16 கேட்டது போல எழுத்து முறையையே மாற்றும் கோரிக்கை இதில் இல்லை. காலியாக இருந்த இடத்தில் சேர்க்கும் கோரிக்கை மட்டுமே. வென்றதற்குச் சான்று எவ்வளவு காரணமோ, இந்த அடக்கமும் அவ்வளவு காரணம்.

அதன் பிறகு கூகுளின் நோட்டோ வரிசையில் இக்குறிகளுக்கென ஓர் எழுத்துரு வந்தது. கல்வெட்டுப் பதிப்பாசிரியர் இனிக் காணியைச் சொல்லாக விரிக்கவோ மேலைப் பின்னமாக மாற்றவோ தேவையில்லை; குறியையே உள்ளிடலாம். 1999இல் வகுத்த தமிழ்99 பலகையில் முந்திரிக்கென்று ஒரு விசை இல்லாததால், அதைத் தட்டச்சு செய்வதற்கு மட்டும் இன்றும் சுற்றுவழிதான்.