பேறுகால வேதனையும் ஆதியாகமம் மூன்றாம் அதிகாரமும்

அறிவியலுக்கும் சமயத்துக்கும் இடையே நிகழ்ந்த போராட்டங்களை எடுத்துரைக்கும் நூல்களில், கலிலேயோவுக்கும் டார்வினுக்கும் அடுத்தபடியாகத் தவறாது இடம்பெறும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1847ஆம் ஆண்டில் எடின்பரோ நகர மருத்துவரான ஜேம்ஸ் யங் சிம்சன் பிரசவ வேதனையைத் தணிக்க மயக்க மருந்தைப் பயன்படுத்தினார். ஸ்காட்லாந்து நாட்டுப் போதகர்கள் ஆதியாகமம் 3:16ஐக் கையிலேந்திப் பிரசங்கபீடந்தோறும் முழங்கினர். 1853இல் விக்டோரியா மகாராணியார் தாமே அம்மருந்தை ஏற்றுக்கொண்ட பின்னரே அவர்கள் வாயடைத்தனர் என்பது கதை. ஆண்ட்ரூ டிக்சன் வொயிட் என்னும் அமெரிக்கக் கல்வியாளர் 1896இல் வெளியிட்ட பெருநூல் இக்கதையை உலகெங்கும் பரப்பியது. நம் இறையியல் மாணவர்கள் இதனைக் கேட்கும்போது தலைகுனிகின்றனர். அல்லது மறுமொழி அறியாது மௌனமாகின்றனர். நடந்தது யாது என நாம் ஆராய விரும்புகிறோம். திருச்சபைக்கு நற்சான்று தேடுவது நம் நோக்கமன்று. வேதனை தணியும் வழி கண்டறியப்பட்ட பின்னரும் அது யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்னும் பெரிய கேள்வியை இக்கதை மறைத்துவிடுகிறது என்பதே நம் கவலை.

சிம்சன் 1811இல் பாத்கேட் என்னும் சிற்றூரில் ரொட்டி சுடும் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 1840இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியரானார். 1843இல் ஸ்காட்லாந்துச் சபை பிளவுண்டபோது சுதந்திரத் திருச்சபையைச் சார்ந்து நின்றார். ஆகவே இவர் சமயத்துக்குப் புறம்பே நின்று அதனை எதிர்த்தவரல்லர், சபைக்குள்ளேயே வாழ்ந்தவர். 1846 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கத்தில் அறுவை நிகழ்ந்த செய்தி எட்டியதும், 1847 ஜனவரி 19ஆம் நாள் இடுப்பெலும்பு கோணிய ஒரு தாயின் பிரசவத்தில் சிம்சன் ஈதரைக் கையாண்டார். நவம்பர் 4ஆம் நாள் இரவு, தம் இல்லத்து உணவு மேசையருகே, உதவி மருத்துவர் இருவருடன் குளோரோபார்மை முகர்ந்து மூவரும் மயங்கி வீழ்ந்தனர். நான்கு நாள்களுக்குள் அது பிரசவ அறைக்குள் நுழைந்தது. அன்று பிறந்த பெண்மகவுக்கு மயக்கத்தைக் குறிக்கும் 'அனஸ்தீசியா' என்றே ஞானஸ்நானப் பெயர் இட்டதாக வழங்குவது கட்டுக்கதை. அக்குழந்தையின் பெயர் வில்ஹெல்மினா. ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பேணும் ஆயர்கள் இதனை அறிந்திருப்பது நலம்.

அதே ஆண்டு டிசம்பரில், சமய ஆட்சேபங்களுக்கு மறுமொழியாக ஒரு சிறு நூலைச் சிம்சன் வெளியிட்டார். அதன் முகப்பில் 1 தீமோத்தேயு 4:4, யாக்கோபு 4:17 ஆகிய வசனங்களைப் பொறித்திருந்தார். பின்வந்தோர் இந்நூலையே போதகர்களின் எதிர்ப்புக்குச் சான்றாகக் கொண்டனர். மறுமொழி இருப்பின் தாக்குதலும் இருந்திருக்க வேண்டுமல்லவா என்பது அவர்தம் வாதம். அவ்வாறு இருந்தாக வேண்டுவதில்லை என்பதைச் சற்றுப் பின்னர்க் காண்போம். முதலில் நூலின் வியாக்கியானத்தைப் பார்ப்பது தகும்.

சிம்சனின் வாதம் எபிரெயச் சொல்லாராய்ச்சியை நம்பி நிற்கிறது. ஏவாளை நோக்கிக் கூறப்பட்ட 'எட்செப்' என்னும் சொல் உடலின் உழைப்பையும் முயற்சியையும் சுட்டுமேயன்றித் துடிக்கவைக்கும் நோவைச் சுட்டாது. அத்தகைய நோவைத் தீர்க்கதரிசிகள் வேறு சொற்களால் குறிக்கின்றனர் என்றார் அவர். இது அளவுக்கு மீறிய வாதம் என்றே நாம் கருதுகிறோம். உழைப்பையும் துயரையும் அச்சொல்லினுள் வேலியிட்டுப் பிரிக்க இயலாது. அவருடைய வலுவான வாதம் அடுத்த வசனங்களில் இருக்கிறது. பெண்ணுக்கு உரைத்தது மீறலாகாத கட்டளையெனில் ஆணுக்கு உரைத்ததும் கட்டளையே. அங்ஙனமாயின் முட்செடியைக் களைபவனும், நெற்றி வியர்வையைக் குறைக்க ஏரில் மாட்டைப் பூட்டுபவனும், மரணத்தை ஒத்திவைக்கும் மருத்துவனும் தேவகட்டளையை மீறியவராவர். ஆதாமுக்கு அயர்ந்த நித்திரை வருவித்து விலா எலும்பை எடுத்த வரலாற்றையும் (ஆதி. 2:21) சிம்சன் சுட்டினார், இதனை வாதம் என்பதைவிட நயமான சொல்லாடல் எனலாம்.

சிம்சன் முழுதும் பயன்படுத்தாத ஒரு செய்தி தமிழ் வாசகராகிய நமக்கு மிக வேண்டியது. அதிகாரத்தின் 16ஆம் வசனத்தில் பெண்ணுக்கும், 17ஆம் வசனத்தில் ஆணுக்கும் கூறப்படுவது ஒரே எபிரெயச் சொல்தான்: 'இட்ஸாபோன்'. ஆனால் நம் பழைய தமிழ் வேதாகமம் பெண்ணிடத்தில் 'வேதனை' என்றும், ஆணிடத்தில் 'வருத்தம்' என்றும் மொழிபெயர்த்துள்ளது. ஆங்கிலப் பழைய திருப்புதல் ஈரிடத்தும் ஒரே சொல்லை ஆள்கிறது. அச்சொல் எபிரெய வேதாகமம் முழுமையிலும் மூன்றே இடங்களில் வருகிறது. மூன்றாம் இடம் ஆதியாகமம் 5:29. அங்கே தமிழில் அது 'பிரயாசம்' ஆகிறது. ஒரு சொல் மூன்று சொற்களாய்ப் பிரிந்தமையால், வேதனை பெண்ணுக்கே உரிய தனித் தண்டனை என்னும் எண்ணம் நம் செவியில் இயல்பாய்ப் பதிந்துவிட்டது. அந்த மூன்றாம் இடம் கூறுவது என்ன? நோவா என்னும் பிள்ளை பிறந்தபோது, இந்த 'இட்ஸாபோன்' விஷயத்தில் இவன் நம்மைத் தேற்றுவான் என்று தகப்பன் பெயரிடுகிறான். சாபத்தின் சொல் கடைசியாக ஒலிக்கும் இடம், அதிலிருந்து ஆறுதலை எதிர்பார்க்கும் இடமாகவே இருக்கிறது.

இனி, போதகர்களின் எதிர்ப்பு. ஏ. டி. ஃபார் என்னும் ஆய்வாளர் அக்காலத்து நூல்களையும் மருத்துவ, சமய இதழ்களையும் துருவி ஆராய்ந்து 1983இல் முடிவுகளை வெளியிட்டார். குளோரோபார்முக்கு எதிராகத் திருச்சபைகள் திரண்டெழுந்தமைக்கு அவர் சான்று காணவில்லை. தனிப்பட்ட சிலர் ஐயுற்றதுண்டு. எழுத்தில் எஞ்சியவை மிகச் சிலவே. சிம்சன் எதிர்ப்பை எதிர்நோக்கி, அது எழுமுன்னரே மறுமொழி எழுதினார் என்பதே ஃபாரின் முடிவு. 1848இல் லண்டன் மருத்துவர் புரோதிரோ ஸ்மித்துக்கு எழுதிய கடிதத்தில், எடின்பரோவில் இத்தகைய ஆட்சேபங்களைத் தாம் இப்போது சந்திப்பதில்லை என்று சிம்சனே குறிப்பிடுகிறார். அந்த ஸ்மித்தும் வேத ஆதாரங்காட்டி வேதனைத் தணிப்பை ஆதரித்து நூல் எழுதியவர். கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆபிரகாம் டி சோலா என்னும் யூத ரபி அவ்வசனத்தை எபிரெய மூலத்தில் ஆராய்ந்து மருத்துவ இதழில் எழுதி, மருந்துக்குத் தடையில்லை என்றார். 1591இல் எடின்பரோவில் யூஃபேம் மெக்கலியன் என்னும் சீமாட்டி பிரசவ வேதனைக்கு நிவாரணம் தேடியமைக்காக எரிக்கப்பட்டார் என்பதையும் வொயிட் போன்றோர் சேர்த்துரைப்பர். அவர் எரிக்கப்பட்டது உண்மை. ஆயின் அரசனுக்கு எதிரான சூனியம் முதலிய பல குற்றச்சாட்டுகளுள் அதுவும் ஒன்று. அக்கொடுமை நம் சபைகளின் வரலாற்றில் அழியாத கறையே. எனினும் மயக்க மருந்தின் வரலாறு ஆகாது.

உண்மையான எதிர்ப்பு மருத்துவரிடமிருந்து வந்தது. பிலதெல்பியாவின் புகழ்பெற்ற மகப்பேற்றுப் பேராசிரியர் சார்லஸ் மீக்ஸ், பிரசவ நோவு உயிராற்றலின் நன்மையான வெளிப்பாடு, அதனை மாற்றலாகாது என்று சிம்சனுக்கு எழுதினார். மருத்துவர்களின் அச்சம் முழுதும் ஆதாரமற்றதன்று. 1848 ஜனவரியில் நியூகாசில் அருகே கால்விரல் நகத்தை அகற்றக் குளோரோபார்ம் கொடுக்கப்பட்ட 15 வயதுப் பெண் ஹன்னா கிரீனர் சில நிமிடங்களில் இறந்துபோனாள். 1853 ஏப்ரல் 7ஆம் நாள் இளவரசர் லியோபோல்டு பிறந்தபோது மருத்துவர் ஜான் ஸ்னோ கைக்குட்டையில் சிறிது சிறிதாகத் தெளித்து 53 நிமிடம் மகாராணியாருக்குக் குளோரோபார்ம் கொடுத்தார். அதனைக் கண்டித்தெழுதியது லான்செட் என்னும் மருத்துவ இதழ், பேராயர் எவருமல்லர். அதே ஆண்டில் கான்டர்பரிப் பேராயரின் மகளுக்கும் ஸ்னோ அம்மருந்தைக் கொடுத்தார். ஆங்கிலத் திருச்சபையின் பொது ஜெபநூலில் பிள்ளை பெற்ற தாய்மாரின் ஸ்தோத்திர ஆராதனை உண்டு. பேறுகாலத்தின் நோவிலிருந்தும் ஆபத்திலிருந்தும் விடுவித்தமைக்காக அதில் தேவனுக்கு நன்றி கூறப்படுகிறது. இவ்வாராதனையை நூற்றாண்டுகளாக நடத்திவந்த சபை, நோவிலிருந்து விடுபடுவதைப் பாவமென்று கூறியிருக்குமாயின் தன் ஜெபத்தையே மறுத்திருக்கும்.

இத்துடன் நிறுத்தி மனநிறைவு கொள்ளலாம். ஆனால் மகாராணியும் பேராயர் மகளும் மட்டுமா பிள்ளை பெற்றனர்?

சிம்சன் குளோரோபார்மை முகர்ந்த அதே 1847இல், அட்லாண்டிக் பெருங்கடலின் மறுகரையில், அலபாமா மாநிலத்து மான்ட்கமரி நகரில் மேரியன் சிம்ஸ் என்னும் மருத்துவர் அடிமைப் பெண்களுக்கு அறுவை செய்துகொண்டிருந்தார். நீடித்த கடினப் பிரசவத்தால் சிறுநீர்ப்பை கிழிந்து துன்புற்ற பெண்கள் அவர்கள். 1845 முதல் 1849 வரை நிகழ்ந்த அந்த அறுவைகளில் மயக்க மருந்து பயன்படுத்தப்படவில்லை. அனார்க்கா என்னும் இளம்பெண் ஏறத்தாழ 30 அறுவைகளைத் தாங்கினாள். லூசி, பெட்சி என்னும் பெயர்களும் எஞ்சியுள்ளன. நாகரிகம் மிகுந்த வகுப்புப் பெண்களே நோவை மிகுதியாய் உணர்வர், கறுப்பினப் பெண்களும் உழைக்கும் பெண்களும் அவ்வளவாக உணரார் என்னும் கருத்து அக்கால மருத்துவரிடையே பரவலாயிருந்தது. எந்த வசனமும் ஓதப்படாமலே வேதனை இங்கே பகுத்தளிக்கப்பட்டது. இக்கருத்தே அவ்வசனத்தின் தவறான வியாக்கியானத்தைவிட நெடுநாள் வாழ்ந்தது என்பது நம் துணிபு.

பிரிட்டனில் ஏழைத் தாய்மாரின் நிலை வேறு வகையில் கடினமாயிற்று. குளோரோபார்ம் கொடுக்க மருத்துவர் வேண்டும். ஏழைகள் வீட்டுக்கு வருபவளோ மருத்துவச்சி. 1928இல் தோன்றிய தேசியப் பிறந்தநாள் அறக்கட்டளை இந்த இடைவெளியை நிரப்ப முயன்றது. 1933இல் லிவர்பூல் மருத்துவர் மின்னிட், தாயே தன் கையால் பிடித்து முகரத்தக்க வாயுக் கருவி ஒன்றை அமைத்தார். 1936இல் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் அதனைப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. அனுமதியுடன் நிபந்தனைகளும் வந்தன: தாயின் உடல்நிலைக்கு மருத்துவரின் சான்று வேண்டும், தகுதி பெற்ற இன்னொருவர் உடனிருக்க வேண்டும். சைக்கிளில் தனியே செல்லும் கிராமத்து மருத்துவச்சி இரண்டாமவரை எங்கே தேடுவாள்? கருவியும் பாரமானது. 1949இல் பீட்டர் தார்னிகிராஃப்ட் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் எல்லாத் தாய்மாருக்கும் வேதனைத் தணிப்பு கிடைக்க வகைசெய்யும் மசோதாவைக் கொணர்ந்தார். அது நிறைவேறவில்லை.

இக்காலத்தில் எபிடியூரல் எனப்படும் முறை வந்தது. முதுகுத்தண்டைச் சூழ்ந்துள்ள உறைக்கு வெளியேயுள்ள இடைவெளியில் மருந்தைச் செலுத்தி, தாய் விழிப்போடிருக்கையிலேயே நோவை மட்டும் அடக்குவது இதன் இயல்பு. 1921இல் ஸ்பானிய இராணுவ மருத்துவர் ஃபிடெல் பஹேஸ் அறுவைக்காக இம்முறையை விளக்கினார். 1942இல் அமெரிக்காவில் ராபர்ட் ஹிங்சன் தம் துணைவர் எட்வர்ட்சுடன் சேர்ந்து, மருந்தை இடைவிடாது செலுத்தும் வழியைப் பிரசவத்தில் கையாண்டார். அவர்களிடம் முதலில் வந்தவள் இதயநோயுற்ற கடலோரக் காவலன் ஒருவனின் மனைவி. ஹிங்சன் பாப்திஸ்து சபையின் விசுவாசி. 1958இல் ஏழை நாடுகளுக்கு மருந்தனுப்பும் அறநிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்தவர். 1956 ஜனவரியில் பன்னிரண்டாம் பயஸ் என்னும் போப்பாண்டவர், வேதனை தணிக்கும் முறைகளை ஆதியாகமம் 3:16 விலக்கவில்லை என்று மருத்துவர்களிடம் உரைத்தார். வசனத்தைப் பற்றிய வழக்கு அத்துடன் எல்லா மரபுகளிலும் ஏறக்குறைய முடிந்தது எனலாம்.

கிடைக்குமா என்னும் வழக்கு முடியவில்லை. எபிடியூரல் கொடுக்க மயக்கவியல் வல்லுநர் ஒருவர் வேண்டும். பின்னர் தாயின் இரத்த அழுத்தத்தையும் சிசுவின் இதயத் துடிப்பையும் ஒருவர் தொடர்ந்து கவனிக்க வேண்டும். பிரசவமோ பகலென்றும் இரவென்றும் பார்ப்பதில்லை. ஆகவே மருந்தின் விலையினும் ஆட்களின் பற்றாக்குறையே பெருந்தடை. வேண்டாம் என்று உறுதியோடு கூறும் தாய்மாரும் உண்டு. கிராண்ட்லி டிக்-ரீட் 1942இல் வெளியிட்ட நூலின் வழிவந்தோர் அச்சத்தை நீக்கினாலே நோவு குறையும் என்பர், அதற்கும் இடமுண்டு. கேட்டவளுக்கு இல்லை என்பதே நாம் பேசும் பொருள். 1998இல் கலிபோர்னியாவில், ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவியில் இருந்த தாய்மாரிடம் எபிடியூரலுக்கு ரொக்கம் கேட்கப்பட்ட செய்தி வெளிவந்தது. 2008இல் அமெரிக்காவின் 27 மாநிலங்களில், அறுவையின்றிப் பிள்ளை பெற்ற தாய்மாரில் 61 விழுக்காட்டினர் இவ்வகை மருந்தைப் பெற்றனர்; வெள்ளையரினும் ஸ்பானிய வழியினரும் பழங்குடியினரும் குறைவாகவே பெற்றனர். 2020 ஜனவரியில், மருத்துவம் இலவசமாயுள்ள இங்கிலாந்திலேயே, கேட்டும் கிடைக்காத தாய்மாரைப் பற்றிய செய்திகள் எழுந்து அரசு விசாரணை நடந்தது. பிரசவம் இன்னும் போதிய அளவு முன்னேறவில்லை, அல்லது இனிக் காலங்கடந்துவிட்டது என்று அவர்களுள் சிலருக்குச் சொல்லப்பட்டது. சிலருக்கு, அந்நேரத்தில் வல்லுநர் வேறோர் அறையில் இருந்தார்.