சிப்பியை யாரும் மலடி என்று சொன்னதில்லை

2011 ஆகஸ்ட் 5, தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா. கோயில் வாசலில் தூரத்துச் சித்தி ஒருத்தி என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "என்னட்டி, இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?" கல்யாணமாகி நாலு வருஷம். என் கைப்பையில், தலைவலி மாத்திரை டப்பாவுக்குள் ஒளித்து வைத்த லெட்ரோசோல் இருந்தது. மாதவிலக்கின் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை, தினம் ஒன்று. மாமியாருக்குத் தெரியாது.

என் தாத்தா முத்துக்குளித்தவர். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதற்கு முன்பும் பல வருஷங்கள் பாரில் சிப்பி இல்லாமல் போனதுண்டு. அப்போதெல்லாம் காரணம் தேடினார்கள். நீரோட்டம் மாறிவிட்டதா, மணல் மூடிவிட்டதா, மீன் தின்றுவிட்டதா, சூரன் படர்ந்து அமுக்கிவிட்டதா? ஆங்கிலேய அரசு ஜேம்ஸ் ஹார்னெல் என்ற விஞ்ஞானியை வைத்து ஆராய்ந்து 1905-ல் அறிக்கையே போட்டது. 1981-ல் இங்குள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில், தொட்டி நீரின் சூட்டைக் கூட்டியும் ரசாயனம் சேர்த்தும் சிப்பிகளை முட்டையிட வைத்து, குஞ்சுகளை வளர்த்தெடுத்தார்கள். ஊரே பெருமைப்பட்டது. சிப்பிக்கு மருந்து கொடுத்ததை யாரும் மறைக்கவில்லை.

எனக்கு இருந்தது பிசிஓடி. முட்டை முதிர்ந்து வெளியே வராது. லெட்ரோசோல் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைக் கொஞ்ச நாள் குறைக்கும். மூளை பதறிப்போய், முட்டையை வளர்க்கும் ஹார்மோனைக் கூடுதலாக அனுப்பும். அவ்வளவுதான் சூட்சுமம்.

அக்டோபரில் சீட்டில் மருந்தின் பெயர் மாறியிருந்தது. லெட்ரோசோல் அடிப்படையில் மார்பகப் புற்றுநோய் மருந்து. அதைக் குழந்தையின்மைக்குக் கொடுப்பதை மத்திய அரசு அந்த மாதம் தடை செய்துவிட்டது. பிறவிக் குறைபாடு வரும் என்ற பயம், 2005-ல் கனடாவில் ஒரு மாநாட்டில் வாசித்த சிறிய ஆய்விலிருந்து கிளம்பியது. மறு வருஷமே 911 குழந்தைகளைப் பார்த்த இன்னொரு கனடிய ஆய்வு, அப்படிக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை என்றது. 2014-ல் அமெரிக்காவில் பிசிஓடி உள்ள 750 பெண்களிடம் நடந்த ஆய்வில், லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. பழைய மருந்தான க்ளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம். இந்தியாவில் தடை விலகியது 2017-ல். இடையில் எத்தனை பெண்களுக்கு எத்தனை மாதம் போயிற்று! ஒரு மாதம் என்பது எங்களுக்கு எவ்வளவு நீளம் என்று காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

எனக்கு மாற்றித் தந்தது அந்த க்ளோமிஃபீன்தான். ராபர்ட் கிரீன்பிளாட் என்ற அமெரிக்க மருத்துவர், அது கருமுட்டையை வெளிவர வைக்கிறது என்று அறிவித்த வருஷம் 1961. தாத்தா கடைசியாக முத்துக்குளித்த அதே வருஷம். எனக்கு அது கேட்கவில்லை. உடம்பு திகுதிகுவென்று எரிந்ததுதான் மிச்சம்.

அடுத்து ஊசி. அதன் கதையைப் படித்தபோதுதான் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரில் முட்டையை வளர்க்கும் ஹார்மோன் நிறைய இருக்கும். அதை இத்தாலிய வேதியியலாளர் பியரோ டோனினி 1940-களின் கடைசியில் பிரித்தெடுத்தார். மருந்தாக்க லிட்டர் கணக்கில் சிறுநீர் வேண்டும். இஸ்ரேலிய மருத்துவர் புரூனோ லூனென்ஃபெல்ட் கேட்க, போப் 12-ஆம் பயஸின் உறவினர் கியூலியோ பச்செல்லி உதவ, இத்தாலிய மடங்களில் இருந்த வயதான கன்னியாஸ்திரிகள் கொடுத்தார்கள். அந்த மருந்தால் முதல் குழந்தை 1962-ல் இஸ்ரேலில் பிறந்தது. பிள்ளையே வேண்டாம் என்று வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள், முகம் தெரியாத பெண்களுக்குப் பிள்ளை கிடைக்க வழி செய்தார்கள். வெட்கப்பட அவர்களுக்கே ஒன்றும் இருக்கவில்லை. எனக்கு என்ன?

ஊசி விளையாட்டு இல்லை. முட்டை அதிகமானால் சினைப்பை வீங்கும், இரட்டையோ மூன்றோ தரிக்கலாம். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன். இத்தனைக்கும் பிறகுதான் என் கணவருக்கு விந்துப் பரிசோதனை எழுதினார்கள். ஒரு ஸ்கேனை விடச் செலவு குறைந்த சோதனை. முதல் மாதமே செய்திருக்க வேண்டியது. எண்ணிக்கை குறைவு என்று வந்தது. அன்று ராத்திரி அவர் வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் மலடன் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

2013-ல் மகள் பிறந்தாள். மாதாவாலா, மருந்தாலா என்று வீட்டில் இன்னும் பேச்சு உண்டு. கன்னியாஸ்திரிகளின் கதை தெரிந்த பிறகு எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை.

போன திருவிழாவில் சொந்தக்காரப் பெண் ஒருத்தி ஓரமாக இழுத்துப் போய்க் கிசுகிசுத்தாள்: "அக்கா, நீங்க ஏதோ மாத்திரை போட்டீங்களாமே?" பக்கத்தில் மாமியார் நின்றார். மருந்தின் பெயர், எந்த நாளில் தொடங்குவது, எதற்கு ஸ்கேன், எல்லாம் உரக்கவே சொன்னேன். "டாக்டரைப் பார்க்கும்போது அவனையும் கூட்டிட்டுப் போ" என்றும் சொன்னேன். மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்தப் பெண்ணிடம், "ஆமாட்டி, மொதல்ல அவனைப் பாக்கச் சொல்லு" என்றார்.